கேளாமற் பிடித்த இனாம்

இனாம் என்பது கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது. வரி என்பது வாங்குபவர் அதிகாரத்தினால் வாங்குவது. இந்த வித்தியாசத்தை ஐந்தாம் வகுப்புப் பையனும் அறிவான். ஆனால் பெயரில் இனாமாகவும் சுபாவத்தில் வரியாகவும் உள்ள ஒரு விசித்திரப் பிராணி உலகத்தில் உலவி வருகிறது. அதை நமக்கு அறிமுகம் செய்து வைத்தவர் நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியர்.

நண்பருடைய புதல்வர் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கிறார். பெற்றோரை ஓர் உல்லாசக் கப்பலில் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்ப நான்கு இரவுகள். டிக்கெட்டுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. நண்பரோ கணக்கு ஆசிரியர். டிக்கெட்டோடு வந்த நிபந்தனைகளைப் பொடி எழுத்து உள்பட ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்தவர் மறு நாள் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் எழுதுவது போலக் காற்றிலே விரலால் எழுதிக் காட்டினார்: ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு 17 டாலர், இரண்டு பேர், நான்கு நாள், ஆகமொத்தம் 136 டாலர், ரூபாயில் பதினோராயிரத்துக்கு மேல்.

"இது எதற்குங்க?" என்று கேட்டோம்.

"இனாமாம். கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு நாம் சந்தோஷப்பட்டுக் கொடுக்கிற இனாம். நாம் சந்தோஷப்படுவோம் என்று அவர்களே தீர்மானித்துக் கணக்கில் ஏற்றிவிடுவார்களாம். வேண்டாமென்றால் கப்பலில் இருக்கும் விசாரணை மேஜைக்குப் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்களாம். ஏற்கெனவே போய் வந்தவர்கள், 'முதல் நாளே போய் எடுக்கச் சொல்லிவிடுங்கள்' என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

ஈரோட்டுக்காரர்களாகிய நமக்குக் கப்பல் என்றால் பவானிக் கூடுதுறைப் பரிசல்தான். பரிசல்காரர் கூலியைச் சொல்வார், நாம் கொடுப்போம், அவர் மடியில் முடிந்துகொள்வார். அவருக்கும் நமக்கும் நடுவே கம்பெனி கிடையாது. ஆனால் காலம் மாறிவிட்டது. 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் ஒன்றை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கொங்கு நாட்டு ஜவுளி வியாபாரிகளும், பென்ஷன் வாங்கியவர்களும், புது மணத் தம்பதிகளும் இன்று சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறி வருகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி நம் நண்பருக்கு மட்டும் ஏற்பட்ட கேள்வியன்று.

நண்பர் தம் கட்சிக்குச் சாட்சியாகக் கோர்ட்டுத் தீர்ப்பையே அழைத்தார். அதையும் நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டியது நம் கடமை. நம் தேசத்து ஹோட்டல்கள் பலவற்றில், சாப்பாட்டு விலைக்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று நூற்றுக்கு ஐந்து, பத்து, சில இடங்களில் இருபது வரை பில்லில் தாமாகவே சேர்த்து வந்தார்கள். இது சர்க்காருக்குப் போகும் வரி என்று நம்பிக் கொடுத்தவர்கள் அநேகர். 2022-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தார், எந்த ஹோட்டலும் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் சேர்க்கக் கூடாது, கொடுக்க மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் தடுக்கவும் கூடாது என்று விதி செய்தார்கள். ஹோட்டல் முதலாளிகளின் சங்கங்கள் டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போய் அந்த மாதமே தடையுத்தரவு வாங்கின. வழக்கு இரண்டரை வருஷத்துக்கு மேல் நடந்தது. 2025-ஆம் வருஷம் மார்ச்சு 28-ஆம் தேதி, விதி செல்லும் என்று ஹைக்கோர்ட்டார் தீர்ப்புச் சொல்லி, வழக்குத் தொடுத்த சங்கங்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவும் விதித்தார்கள். சங்கத்தார் மேல் முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. எங்கேனும் இப்படிப் பிடித்தால் 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து முறையிடலாம்.

"பார்த்தீர்களா? தரையில் கூடாதது தண்ணீரில் எப்படிக் கூடும்?" என்றார் நண்பர்.

கேள்வி கூர்மையானதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பற்றி நமக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. அதைச் சொல்வதில் நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

தீர்ப்பு வந்த வருஷத்துக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பெங்களூர் போயிருந்தோம். ஒரு நாள் இரவு கொஞ்சம் பெரிய ஹோட்டலில் சாப்பிட்டோம். பில் வந்தது. சாப்பாடு 2,400 ரூபாய். சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து, 240 ரூபாய். தீர்ப்பைப் பத்திரிகையில் படித்த சூடு ஆறாத சமயம். மானேஜரை வரவழைத்து, தேதியோடும் கோர்ட்டின் பெயரோடும், பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் குரலில் எடுத்துரைத்தோம். அவர் மறு பேச்சுப் பேசாமல் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பில் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் கூட நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். சுதேசிக் கப்பலையே நாம் ஓட்டிவிட்டது போன்ற ஓர் உற்சாகத்துடன் வெளியே வந்தோம்.

வாசற்படி இறங்கியதும் நம் சகதர்மிணி கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் பையனுக்கு ஏதாச்சும் கொடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. நம் தாயாருக்கு மூன்று தடவை வெந்நீர் ஆற்றிக் கொண்டுவந்து வைத்து, பல்லில்லாதவர் சாப்பிடுவதற்காகச் சப்பாத்தியைப் பாலில் ஊற வைத்துக் கொடுத்த பையன் அவன். நியாயத்தை நிலைநாட்டும் அவசரத்தில் அவன் நம் நினைவில் இல்லை. திரும்பி உள்ளே போனோம். அவன் சமையற்கட்டுக்குள் போயிருந்தான். வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வர மனம் இல்லாமல் சிறிது நேரம் நின்றோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குழந்தைகள் இழுத்தார்கள். அந்த 240 ரூபாய் நம்மோடு ஈரோட்டுக்கு வந்து சேர்ந்தது.

கோர்ட்டுத் தீர்ப்பு சரியானதே. முதலாளி பில்லில் சேர்த்து வாங்கும் பணம் பரிமாறுகிறவன் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதற்குச் சாப்பிட்டவரிடம் எந்தச் சாட்சியும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு, ஹோட்டலில் இனாமே கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. பில்லில் எழுதாதே, சாப்பிட்டவர் இஷ்டத்துக்கு விட்டுவிடு என்றுதான் சொல்லிற்று. நம்மைப் போன்றவர்கள் தீர்ப்பின் முதற்பாதியை மட்டும் படித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

இனிக் கப்பலுக்கு வருவோம். இதில் நமக்கு ஆசானாக வாய்த்தவன் நம்மிடம் படித்த மாணவன் ஒருவன். பவானிப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பையன். கோயமுத்தூரில் ஹோட்டல் படிப்புப் படித்துவிட்டுக் கப்பலில் அறைகளைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் நம்மை வந்து பார்க்காமல் போக மாட்டான். நண்பரின் கேள்வி பிறந்த சமயம் அவன் ஊரில் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

"அந்த 17 டாலரில் உனக்கு எவ்வளவு அப்பா வரும்?" என்று கேட்டோம்.

"முழுக்க எனக்கு வராதுங்க சார். அறைக்காரர், சாப்பாட்டுக் கூடத்துப் பரிசாரகர், அவருக்கு உதவியாள் எல்லோருக்கும் பங்கு. நீங்கள் கண்ணால் பார்க்காத ஆளுக்கும் பங்கு உண்டுங்க. கீழ்த்தளத்தில் துணி வெளுக்கிறவர் வரைக்கும் போகும். எங்கள் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் என்று இருப்பதைவிட இந்தக் கணக்கில் வருவதுதான் அதிகம்."

"எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டா?"

"கடைசி ராத்திரி விசாரணை மேஜைக்கு முன்னாலே வரிசை நிற்குங்க. காரணம் கேட்க மாட்டார்கள். சில பேர் நல்ல மனசோடு, 'கம்பெனிக்கு ஏன் கொடுக்க வேண்டும், இந்தா தம்பி' என்று கையில் கொடுப்பார்கள். நான் முதலில் இருந்த கப்பலில், கணக்கிலே எடுத்துவிட்டவர் கையில் கொடுத்தால் அதை மேலதிகாரியிடம் ஒப்படைத்துப் பொதுவில் சேர்க்க வேண்டும் என்று விதி. மறைத்தால் வேலை போய்விடும். அவருக்கு அது தெரியாதுங்களே. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வோம்."

அவனுக்கு ஒப்பந்தம் ஒன்பது மாதம். ஒன்பது மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பதினெட்டு அறைகள், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நாம் ஆசிரியர் புத்தி போகாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தார் 2006-ஆம் வருஷம் ஜினீவாவில் செய்த கப்பல் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் அமலுக்கு வந்தது. இந்தியாவும் 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. கப்பலில் வேலை செய்பவருக்கு ஓய்வு நாளில் 10 மணிக்கும் வாரத்தில் 77 மணிக்கும் குறையக் கூடாது என்பது அதில் கண்ட ஒரு விதி. தொழிலாளருக்கு அனுகூலமான விதிதான். ஆயினும் வாரத்துக்கு 168 மணி. அதில் 77 போக மிச்சம் 91. தொண்ணூற்றொரு மணி நேரம் வேலை வாங்கினாலும் விதி மீறப்படவில்லை! வேலை தேடிக் கொடுப்பதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. நம் மாணவன் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்காக அவன் தகப்பனார் வாங்கிய கடன் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் தீர்ந்ததாம்.

கம்பெனியின் தலைமைக் காரியாலயம் அமெரிக்காவில் மயாமி நகரத்தில் இருக்கும். கப்பலில் பறப்பதோ பஹாமாஸ் கொடி, அல்லது பனாமா கொடி, அல்லது பெர்முடாக் கொடி. கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டமே கப்பலுக்குள் சட்டம். வேலைக்காரன் பவானிக்காரன், பிரயாணி ஈரோட்டுக்காரர், கடல் மலாக்கா ஜலசந்தி. டில்லி ஹைக்கோர்ட்டின் தீர்ப்பை அங்கே கொண்டுபோய் விசாரணை மேஜையில் வைத்தால் யார் வாசிப்பார்கள்?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். அவர் சிறிதும் அசையவில்லை.

"அப்படியானால் அது சம்பளம். சம்பளத்தை முதலாளியல்லவா கொடுக்க வேண்டும்? அதற்கும் சேர்த்து டிக்கெட்டிலேயே போட்டிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? ஈரோட்டிலிருந்து பழனிக்குக் கார் பேசினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். டிரைவர் பேட்டாவை யாராவது அடித்துவிட்டுக் கொடுக்கிறோமா? கடன் என்றால் கடன் என்று சொல்லட்டும், கொடுத்துவிடுகிறேன். தர்மம் என்றால் என் இஷ்டத்துக்கு விடட்டும். இரண்டுமாக இருக்க முடியாது."

நண்பர் சொன்ன இந்த வாதத்துக்கு நம்மிடம் பதில் இல்லை. ஏனென்றால் அது முற்றும் சரி. நம் சுப்ரீம் கோர்ட்டார் கூட 2016-ஆம் வருஷம், ஹோட்டலில் விருந்தினர் கார்டு மூலமாகக் கொடுக்கும் இனாமை முதலாளி வாங்கிச் சிப்பந்திகளுக்குப் பங்கிட்டாலும் அது முதலாளி கொடுத்த சம்பளம் ஆகாது, அதற்காகச் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பது போல் முதலாளி பிடிக்க வேண்டியதும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இனாம் வேறு, சம்பளம் வேறு என்பது நம் தேசத்துச் சட்டம். அமெரிக்காவிலோ இனாம் வாங்கும் வேலைக்காரருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மிச்சத்தை விருந்தினர் பார்த்துக்கொள்வார் என்று மத்திய சட்டமே இருக்கிறது. 1991-ஆம் வருஷத்திலிருந்து அந்தத் தொகை ஒரு காசு கூட ஏறவில்லை. சில ராஜ்யங்களில் அதைவிட அதிகம் உண்டென்றாலும், கப்பல் கம்பெனிகளின் பழக்கம் பிறந்த இடம் அதுதான். ஜப்பானிலோ மேஜையில் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்து விட்டுவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து கொடுப்பார்கள். பிரிட்டனில் 2024-ஆம் வருஷம் அக்டோபர் முதல், இனாமாக வந்ததில் முதலாளி ஒரு பென்னி கூடப் பிடித்துக்கொள்ளக் கூடாதென்று சட்டம் அமலாகியிருக்கிறது.

டிக்கெட்டில் ஏன் சேர்ப்பதில்லை என்பதற்குக் காரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. விளம்பரத்தில் விலை சிறிதாகத் தெரிய வேண்டும். கப்பல்காரர்கள் இந்த வித்தையில் பழையவர்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சுதேசிக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய நாளில், வெள்ளைக்காரக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இனாமாகவே ஏற்றிச் சென்று, போதாததற்குக் குடையும் இனாமாகக் கொடுத்தார்கள் என்பது சரித்திரம். குடை வாங்கியவர்கள் அதன் விலையை என்ன என்று பின்னால் தெரிந்துகொண்டார்கள். இக்காலத்துக் கம்பெனியார் குடை கொடுப்பதில்லை. டிக்கெட்டைக் குறைவாகக் காட்டி, கூலியின் ஒரு பகுதியை இனாம் என்ற பெயரில் வெளியே வைக்கிறார்கள். பிரயாணி கொடுத்தால் கம்பெனிக்குச் சம்பளச் செலவு மிச்சம். கொடுக்காவிட்டால் நஷ்டம் வேலைக்காரனுக்கு. இரண்டிலும் கம்பெனிக்குச் சேதமில்லை. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கும் அத்தாட்சி உண்டு: பிரிட்டனில் பி. அண்டு ஓ. கம்பெனியார் 2019-ஆம் வருஷம் இந்தத் தனிக் கட்டணத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் டிக்கெட்டு விலையிலேயே அடக்கினார்கள். அவர்கள் கப்பல் ஒன்றும் அதனால் மூழ்கிவிடவில்லை.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் கணக்காக இருந்தார்கள். களத்தில் நெல் அளக்கும்போது, நிலத்துக்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டையும் போகுமுன், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், காவற்காரர் ஆகியோருக்கு இத்தனை மரக்கால் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். செங்கற்பட்டுச் சீமையின் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணக்குகளில் அந்தப் பங்குக்கு வழங்கிய பெயர் 'சுதந்திரம்'. அந்த முறையில் இருந்த ஏற்றத்தாழ்வுகளை நாம் கொண்டாடப் போவதில்லை. ஆனால் உழைத்தவன் பங்கு அவனுடைய உரிமை என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது. அறுவடை நாளில், 'எனக்கு இஷ்டமில்லை, நாவிதர் பங்கை எடுத்துவிடு' என்று சொல்ல எந்த மேஜையும் களத்தில் போட்டிருக்கவில்லை.

ஆகவே நண்பருக்கு நாம் சொன்ன யோசனை இது. வாதத்தில் நீங்கள் ஜயித்துவிட்டீர்கள். பணத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள். உங்கள் வழக்கு கம்பெனியின் மேல். அந்த வரியை நீங்கள் அடித்தால் கம்பெனிக்குத் தேள் கடித்தது போலக் கூட இராது. கீழ்த்தளத்தில் துணி வெளுக்கிறவருக்குத்தான் கடிக்கும். கப்பலேறிய பிறகு சண்டை போடுவதற்கு அது இடமில்லை. டிக்கெட்டு வாங்கும்போதே இனாமும் உள்ளடங்கிய விலை என்ன என்று கேட்டு, அந்த மொத்தத்தை மற்றக் கம்பெனிகளின் மொத்தத்தோடு ஒத்துப் பார்த்து வாங்க வேண்டும். அது உங்கள் கையில் இருந்த ஆயுதம், இந்தத் தடவை தவறிவிட்டது. தரையில் ஹோட்டலில் பிடித்தால் தாராளமாக அடிக்கச் சொல்லுங்கள். ஆனால் அடித்த கையோடு பரிமாறினவரைத் தேடிக் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். பெங்களூர்க் கதையையும் அவருக்குச் சொன்னோம். அதற்கு மட்டும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"வேலை சரியில்லாவிட்டால்?" என்று பிறகு கேட்டார்.

வேலை சரியில்லாவிட்டால் யார், எந்த அறை, என்ன குறை என்று மேலதிகாரியிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் முகம் சுளித்தார் என்பதற்காகப் பத்துப் பேர் பங்கை எடுப்பது, ஒரு பையன் பேசியதற்கு வகுப்பு முழுவதையும் பெஞ்சியின் மேல் நிற்க வைப்பது போல் ஆகும். அந்தத் தண்டனையை நாம் இருவருமே ஒரு காலத்தில் கொடுத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

சென்ற வாரம் நண்பர் திரும்பி வந்தார். கப்பலின் கணக்குச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், நமக்குக் காட்டினார். அந்த வரி அடிக்கப்படாமல் இருந்தது. ஆனால் கடைசி நாள் அபிப்பிராயம் எழுதக் கொடுத்த காகிதத்தில், இந்தத் தொகையை டிக்கெட்டு விலையில் சேர்க்க வேண்டும், இனாம் என்று பெயரிடுவது பிசகு என்று இங்கிலீஷில் முக்கால் பக்கம் எழுதிக் கையெழுத்தும் ஊர்ப் பெயரும் போட்டுக் கொடுத்தாராம். பதில் வரவில்லை. வராது என்று அவருக்கும் தெரியும்.

"ஆனாலும் அது தப்புத்தான்" என்று இன்றைக்கும் ஆசிரியர் அறையில் காற்றிலே எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் அறையைக் கவனித்த பையன் பிலிப்பைன்ஸ் தேசத்தவனாம், பெயரைச் சொன்னார், அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம், நேரில் பார்த்து ஏழு மாதம் ஆகிறதாம்.